வீட்டுக்குள் பூட்டிய வித்தைகள்

திருநெல்வேலிச் சீமையில் தாமிரபரணிக் கரையில் உள்ள முக்கூடல், பீடித் தொழிலுக்குப் பேர்போன ஊர். பிற்பகல் வேளையில் அவ்வூர்த் தெருக்களில் நடந்தால், திண்ணைகளில் பெண்கள் மடியில் தட்டை வைத்துக்கொண்டு பீடி சுற்றுவதைக் காணலாம். இலையை அளவாக வெட்டுதல், தூளை வைத்துச் சுருட்டுதல், நுனியை மடக்குதல், நூலைக் கட்டுதல் ஆகிய எதிலும் ஒளிவுமறைவு கிடையாது. தாயைப் பார்த்து மகளும், அவளைப் பார்த்து அடுத்த வீட்டுப் பெண்ணும் கற்றுக்கொள்கிறார்கள். கைத்திறன் மிகவும் வேண்டிய வேலைதான். ஆனால் ஊரில் எல்லாருக்கும் தெரிந்த வேலை. அப்படிப்பட்ட வேலைக்குக் கூலியைப் பேசி உயர்த்துவது கடினம். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்ற கணக்கில்தான் காலம் ஓடுகிறது.

இப்போது வேறொரு வீட்டை எண்ணிப் பார்ப்போம். அவ்வீட்டாருக்கு மட்டும் ஒரு மருந்தோ, ஒரு சாயமோ, ஓர் உலோகக் கலவையோ தெரியும். அந்தப் பொருள் வேண்டும் என்றால் அவர்கள் வாசலுக்குத்தான் போக வேண்டும். விலையையும் அவர்களே சொல்லலாம். 'தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு' என்பது நம் பழமொழி. வயிற்றுப் பாட்டுக்கு ஆதாரமான வித்தையை ஒரு குடும்பம் தலைமுறை தலைமுறையாக மூடி வைத்தால், அதை வெறும் கஞ்சத்தனம் என்று தள்ளிவிட முடியாது.

ஆயினும் நாம் கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு. ஒரு குடும்பம் ஓர் இரகசியத்தை எப்படி நூறு, இருநூறு ஆண்டுகள் காக்கிறது? அதனால் யாருக்கு இலாபம், யாருக்கு நட்டம்? இரகசியத்தை வெளியே சொல்லிவிட்டால் அந்தக் குடும்பம் அழிந்துபோகுமா? இவற்றுக்கு விடை தேடப் பொதிகை மலையின் இரு பக்கங்களையும், கடலுக்கு அப்பால் இங்கிலாந்தையும் ஒருமுறை பார்த்து வருவோம்.

சங்கரன்கோயிலிலிருந்து ஆரன்முளாவுக்கு

மலைக்கு மேற்கே, கேரளத்தில் பம்பை ஆற்றங்கரையில் ஆரன்முளா என்ற சிற்றூர் இருக்கிறது. அங்குள்ள பார்த்தசாரதி கோயில் புகழ்பெற்றது. அதைப்போலவே புகழ்பெற்றது ஆரன்முளாக் கண்ணாடி. கண்ணாடி என்று பெயர் இருந்தாலும் அதில் கண்ணாடி என்ற பொருளே இல்லை. முழுவதும் உலோகம்.

இதைச் செய்யும் குடும்பங்களின் முன்னோர் நம் பக்கத்துச் சங்கரன்கோயிலைச் சேர்ந்த கம்மாளர்கள் என்பது அங்கு வழங்கும் மரபுச் செய்தி. பல நூற்றாண்டுகளுக்கு முன்பு, கோயில் வேலைக்காக உள்ளூர் அரசர் எட்டுக் குடும்பங்களை அங்கிருந்து வரவழைத்தாராம். பின்னர் ஒரு சமயம் அவர்கள்மீது அரசருக்குச் சினம் ஏற்பட்டது. வேலை போய்விடும் என்ற நிலையில், அவர்களுள் கணவனை இழந்த ஒரு பெண்மணிக்குக் கனவில் கலவையின் அளவு தெரிந்தது என்றும், அந்த உலோகத்தில் செய்த பொருளைக் கண்டு அரசர் மனம் குளிர்ந்தார் என்றும் கதை செல்கிறது. கனவு கதையாகவே இருக்கட்டும். பிழைப்புக்கு ஆபத்து வந்த வேளையில் பிறந்த வித்தை இது என்று அந்தக் குடும்பங்கள் நினைவு வைத்திருப்பதை மட்டும் நாம் கவனித்துக்கொள்வோம்.

இக்கண்ணாடியின் சிறப்பை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. வீட்டுச் சுவர்க் கண்ணாடியில் பென்சில் முனையை வைத்துப் பாருங்கள். முனைக்கும் அதன் பிம்பத்துக்கும் நடுவே ஓர் இடைவெளி தெரியும். கண்ணாடித் தகட்டின் பின்பக்கத்தில்தான் வெள்ளிப் பூச்சு இருக்கிறது; ஒளி தகட்டுக்குள் புகுந்து, பின்பக்கத்தில் பட்டுத் திரும்புகிறது. தகடு 3 மில்லிமீட்டர் கனமும் அதன் ஒளிவிலகல் எண் 1.5 ஆகவும் இருந்தால், நேராகப் பார்ப்பவருக்கு இந்த இடைவெளி 4 மில்லிமீட்டராகத் தோன்றும். ஆரன்முளாக் கண்ணாடியில் முனையும் பிம்பமும் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒளி முன்பக்கத்திலேயே பட்டுத் திரும்புவதே காரணம். தொலைநோக்கிகளுக்கு இத்தகைய முன்முக ஆடிகளைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

கலவையின் கணக்கு

கலவையின் அளவு அக்குடும்பங்களுக்குள் வாய்மொழியாக மட்டுமே வழங்கி வந்தது. 1990களில் சாரதா சீனிவாசன், அயன் குளோவர் ஆகிய ஆராய்ச்சியாளர்கள் கேரளத்து வெண்கலத் தொழிலை நேரில் ஆராய்ந்து, இக்கண்ணாடி செம்பும் வெள்ளீயமும் சேர்ந்த வெண்கலமே என்றும், வெள்ளீயம் ஏறத்தாழ 33 சதவீதம் என்றும் வெளியிட்டார்கள். மணி வார்க்கும் வெண்கலத்தில் 20 அல்லது 22 சதவீதமே வெள்ளீயம் இருக்கும். அப்படியிருக்க, 33 என்ற அளவுக்கு என்ன பொருள்?

செம்பும் வெள்ளீயமும் சில குறிப்பிட்ட அளவுகளில் சேரும்போது, அணுக்கள் ஓர் ஒழுங்கில் அமைந்து தனிப்பட்ட சேர்மங்கள் தோன்றுகின்றன. அவற்றுள் ஒன்றை 'டெல்டா' நிலை என்பர். அதில் 31 செம்பு அணுக்களுக்கு 8 வெள்ளீய அணுக்கள் உள்ளன. செம்பின் அணு எடை 63.5, வெள்ளீயத்தின் அணு எடை 118.7. கணக்கிட்டால் செம்பின் பங்கு சுமார் 1969, வெள்ளீயத்தின் பங்கு சுமார் 950 என்று வரும். ஆக, மொத்த எடையில் வெள்ளீயம் 32.5 சதவீதம். குடும்பங்கள் தலைமுறைகளாகக் காத்த அளவும், பாடப்புத்தகத்தை வைத்து மாணவர் ஒருவர் ஐந்து நிமிடத்தில் கணக்கிடும் அளவும் ஏறக்குறைய ஒன்றாகிவிடுகின்றன!

டெல்டா நிலையில் செம்பின் செந்நிறம் மறைந்து, உலோகம் வெள்ளிபோல் வெளுக்கிறது. மிகக் கடினமாக இருப்பதால் நன்றாக மெருகு ஏறுகிறது. ஆனால் கீழே போட்டால் ஓடுபோல உடைந்துவிடும். அளவு சற்றுப் பிசகினாலும் வேறு நிலைகள் கலந்து பளபளப்பு குன்றும். களிமண் அச்சில் மெல்லிய தகடாக வார்க்க வேண்டும். வெடிப்பு விழாமல் ஆற வேண்டும். பிறகு பல நாள் தேய்த்து மெருகேற்ற வேண்டும்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கலவையின் அளவு அச்சில் வந்து ஆண்டுகள் பல ஆகிவிட்டன. ஆனாலும் இக்கண்ணாடி இன்றும் ஆரன்முளாவின் சில குடும்பங்களிடமிருந்துதான் வருகிறது. அளவைத் தெரிந்துகொள்வது எளிது; அச்சு மண்ணின் பதமும், உருகிய உலோகத்தின் நிறமும், தேய்க்கும் கையின் அழுத்தமும் பல ஆண்டுப் பழக்கத்தில் மட்டுமே வரும். முக்கூடலுக்கு அருகிலுள்ள பத்தமடையில் கோரைப் பாய் நெய்பவர்களும் இதையே சொல்வார்கள். கோரையை ஆற்று நீரில் ஊறவைப்பதும் நாராகக் கிழிப்பதும் யாரும் பார்க்கக்கூடியவை. ஆனால் பட்டுத் துணிபோல மடிக்கக்கூடிய பாயை நெய்ய எல்லாராலும் முடிவதில்லை. பூட்டி வைக்காமலேயே பத்திரமாக இருக்கும் இரகசியம் கை இரகசியம்.

சொன்னவரும் சொல்லாதவரும்

அதே இனத்து உலோகத்தை ஐரோப்பியரும் அறிந்திருந்தனர். நியூட்டன் 1668இல் அமைத்த முதல் பிரதிபலிப்புத் தொலைநோக்கியின் ஆடி இவ்வகை வெண்கலமே. 1781ஆம் ஆண்டு மார்ச் 13ஆம் நாள் யுரேனஸ் கோளைக் கண்டுபிடித்த வில்லியம் ஹெர்ஷல், தம் வீட்டிலேயே இத்தகைய ஆடிகளை நூற்றுக்கணக்கில் வார்த்துத் தேய்த்தவர். தங்கை கரோலின் அவருக்கு உதவி செய்தார். தொலைநோக்கிகளைச் செய்து விற்பது அவ்வீட்டின் வருமானங்களுள் ஒன்றாக இருந்தது. அதனாலோ என்னவோ, மெருகேற்றும் முறையை ஹெர்ஷல் விரிவாக வெளியிடவில்லை.

அவருக்குப் பின் பெரிய ஆடி செய்ய முயன்றவர் அயர்லாந்தின் ராஸ் பிரபு. ஹெர்ஷலுக்குத் தெரிந்ததை எல்லாம் அவர் முதலிலிருந்து தாமே கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று. உலோகம் விரிசல் விட்டது, மீண்டும் உருக்கினார். தம் பண்ணையாட்களையே தொழிலாளராகப் பழக்கினார். 1840இல் தம் சோதனைகளை, தோல்விகளையும் சேர்த்து, விரிவாக அச்சிட்டு வெளியிட்டார். 1845இல் 72 அங்குல விட்டமும் ஏறத்தாழ 3 டன் எடையும் உள்ள ஆடியைக் கொண்டு, வானத்தில் சுருள் வடிவ நெபுலா ஒன்றை முதன்முதலாகக் கண்டார். பின்னாளில் அது நம் பால்வீதியைப் போன்ற மற்றொரு விண்மீன் மண்டலம் என்று தெரியவந்தது. ஒருவர் சொல்லாமல் விட்டதை மற்றவர் மீண்டும் தேடுவதற்குள் எத்தனை ஆண்டுகள் போய்விடுகின்றன! வானம் காத்திருக்கும், நட்டம் காலம் மட்டுமே. ஆனால் காத்திருக்க முடியாதவர்கள் முன்னால் இரகசியம் பூட்டப்பட்டால் என்ன ஆகும்?

தங்க முலாம் பூசிய பெட்டி

1569இல் பிரான்சிலிருந்து மத வேற்றுமை காரணமாக இங்கிலாந்துக்கு ஓடிவந்தது சேம்பர்லென் குடும்பம். அக்குடும்பத்தில் வழிவழியாக மருத்துவர்கள் தோன்றினர். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அவர்களுள் ஒருவர் பேறுகாலக் கருவி ஒன்றை அமைத்தார். குழந்தையின் தலை வழியில் சிக்கிக்கொண்டால், இரு கரண்டிகள் போன்ற உறுப்புகளைத் தனித்தனியே செலுத்திப் பின் பூட்டி, தலையைப் பற்றி மெல்ல வெளியே எடுக்கும் இடுக்கி அது. அதற்கு முன்பெல்லாம் இப்படிச் சிக்கிய குழந்தையைக் கொக்கியால் துண்டித்து எடுப்பார்கள்; சில வேளைகளில் தாயும் சேர்ந்தே இறப்பாள்.

இவ்வளவு அருமையான கருவியைச் சேம்பர்லென்கள் என்ன செய்தார்கள்? தங்க முலாம் பூசிய பெரிய பெட்டியில் வைத்துப் பூட்டி, இரண்டு பேர் சுமக்கக் கொண்டு வருவார்களாம். உறவினரை அறையைவிட்டு வெளியேற்றுவார்கள். பிரசவிக்கும் பெண்ணின் கண்களையும் கட்டிவிடுவார்கள். மருத்துவத்துக்கு நடுவே இப்படி ஒரு மாய நாடகம்!

1670இல் அக்குடும்பத்தின் ஹியூ சேம்பர்லென் இந்த இரகசியத்தை விற்கப் பாரிசுக்குச் சென்றார். மோரிசோ என்ற புகழ்பெற்ற மருத்துவர், இடுப்பெலும்பு குறுகிய ஒரு பெண்ணைக் காட்டி, முறையைச் செய்து காட்டுமாறு கேட்டார். மிக விரைவில் முடிப்பதாகச் சொன்ன ஹியூ, மூன்று மணி நேரம் முயன்றும் தோற்றார். தாயும் பிழைக்கவில்லை, சேயும் பிழைக்கவில்லை. விற்பனை நடக்கவில்லை. பின்பு அவர் மோரிசோவின் நூலை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்டார். அதன் முன்னுரையில், தம் குடும்பத்தாருக்கு மட்டும் தெரிந்த ஒரு முறை உண்டு என்று ஒப்புக்கொண்டார். அதை வெளியிடாததற்கு அவர் சொன்ன காரணம், தந்தைக்கும் சகோதரர்களுக்கும் அதில் உரிமை உண்டு, அவர்களுக்கு நட்டம் வரச் செய்யக் கூடாது என்பது. குடும்ப இரகசியத்தின் கட்டு எவ்வளவு வலியது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

1733இல் எட்மண்ட் சாப்மன் என்ற மருத்துவர் இத்தகைய இடுக்கியைப் பற்றி நூலில் எழுதிய பிறகே அது பொதுவுக்கு வந்தது. நூறு ஆண்டுகளுக்கு மேல் ஒரே குடும்பம் அதை மறைத்து வைத்திருந்தது. அந்த நூறு ஆண்டுகளில் இடுக்கி கிடைக்காமல் இறந்த தாய்மார்களின் கணக்கை எழுதி வைத்தவர் யாரும் இல்லை. 1813இல் எஸ்ஸெக்ஸ் மாநிலத்தில் அக்குடும்பம் முன்பு வாழ்ந்த வீட்டின் தளப் பலகைக்கு அடியில் ஒரு பெட்டி அகப்பட்டது. அதற்குள் பழைய இடுக்கிகள் இருந்தன. அவற்றை ஒளித்து வைத்தவர்கள் இறந்து நெடுங்காலம் ஆகியிருந்தது. உலகம் முழுவதற்கும் தெரிந்துவிட்ட இரகசியத்தைத் தரைக்கு அடியில் அந்தப் பெட்டி மட்டும் இன்னும் காத்துக்கொண்டிருந்தது.

அகத்தியமலைக் காணிகள் சொன்ன இரகசியம்

இனி நம் மலைக்குத் திரும்புவோம். தாமிரபரணி பிறக்கும் அகத்தியமலைத் தொடரில் காணி என்னும் பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். பாபநாசத்துக்கு மேலே மயிலார், சேர்வலாறு, இஞ்சிக்குழி முதலிய இடங்களில் அவர்களின் குடியிருப்புகள் உள்ளன. மலையின் மேற்குச் சரிவில், கேரளத்திலும் காணிகள் உண்டு.

1987 டிசம்பரில், புஷ்பாங்கதன் தலைமையில் தாவர ஆராய்ச்சிக் குழு ஒன்று கேரளப் பக்கத்துக் காட்டில் பயணம் செய்தது. வழிகாட்டிகளாக வந்த காணிகள் ஏதோ ஒரு சிறு பழத்தைத் தின்றுகொண்டே களைப்பின்றி நடந்தார்கள். அறிவியலார்கள் களைத்துப்போய், அது என்ன என்று கேட்டார்கள். காணிகள் சொல்ல மறுத்தார்கள். வெளியாருக்குச் சொல்லக் கூடாத குலத்து இரகசியம் அது. தவறாகப் பயன்படுத்த மாட்டோம் என்று உறுதி சொல்லிப் பலமுறை வேண்டிய பிறகே செடியைக் காட்டினார்கள். அதுதான் ஆரோக்கியப் பச்சை. தாவரவியலில் டிரைகோபஸ் சிலானிக்கஸ் என்பர்.

திருவனந்தபுரத்தை அடுத்துள்ள வெப்பமண்டலத் தாவரவியல் தோட்ட ஆராய்ச்சி நிலையம், இச்செடியுடன் வேறு மூன்று மூலிகைகளைச் சேர்த்து 'ஜீவனி' என்ற மருந்தை உருவாக்கியது. 1990களின் நடுவில் அதைத் தயாரிக்கும் உரிமை கோவை ஆர்ய வைத்திய பார்மசிக்கு அளிக்கப்பட்டது. உரிமைத் தொகை 10 இலட்சம் ரூபாய். அதன்மேல் விற்பனையில் 2 சதவீதம். இவ்விரண்டிலும் சரிபாதி காணிகளுக்கு என்று முடிவாயிற்று. அப்பணத்தைப் பெறுவதற்காக 1997இல் கேரளக் காணிகளுக்கு ஓர் அறக்கட்டளை பதிவு செய்யப்பட்டது. பழங்குடியினரின் அறிவுக்குப் பங்கு கொடுத்த முன்மாதிரி என்று உலக அரங்குகளில் இது பேசப்பட்டது.

ஆனால் காணிகள் அனைவரும் மகிழ்ந்தார்கள் என்று சொல்ல முடியாது. அவர்களின் மருத்துவர்களான பிலாத்திகளில் சிலர் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். குலத்துக்கே உரிய இரகசியத்தை வழிகாட்டச் சென்ற ஓரிருவர் சொல்லலாமா என்பது அவர்கள் கேள்வி. ஹியூ சேம்பர்லென் தம் முன்னுரையில் சொன்ன காரணமும் இதே வகையைச் சேர்ந்ததுதான். ஒரே மலையின் கிழக்குச் சரிவில் வாழும் காணிகளுக்கு இதில் என்ன இடம் என்ற கேள்வியும் எழுகிறது. பலருக்குச் சொந்தமான இரகசியத்தைத் திறக்கும் உரிமை யாருக்கு என்பது இன்னும் முழுதாகத் தீராத வழக்கு. இத்தகைய வழக்குகளுக்கு வழி காணவே 2002இல் நம் நாட்டில் உயிரியல் பல்வகைமைச் சட்டம் இயற்றப்பட்டது.

எழுதாத அறிவுக்குச் சாட்சி யார்?

சொன்னால் பிறர் எடுத்துக்கொள்வார்களே என்ற அச்சம் நியாயமானதே. ஆனால் சொல்லாமல் இருந்தால் மட்டும் காப்பு கிடைத்துவிடுமா? மஞ்சள் வழக்கை நினைவுகூர்வோம். மஞ்சள் புண்ணை ஆற்றும் என்ற செய்திக்கு 1995இல் அமெரிக்காவில் காப்புரிமை வழங்கப்பட்டது. நம் நாட்டு அறிவியல், தொழில் ஆராய்ச்சிக் கழகம் அதை எதிர்த்தது. 'எங்கள் பாட்டிமார் எல்லாருக்கும் தெரியும்' என்று சொன்னால் அங்கே எடுபடாது. பழைய நூல்களிலும் இதழ்களிலும் அச்சான சான்றுகளைக் காட்டிய பிறகே 1997இல் அந்தக் காப்புரிமை நீக்கப்பட்டது. யாரோ எழுதி வைத்தது அன்று நம்மைக் காத்தது. ஒரு வீட்டின் அடுப்படியோடு நின்றுவிட்ட மருந்துக்கு இப்படிச் சாட்சி சொல்ல யாரும் இல்லை.

இரகசியத்தைத் தின்னும் பகை வெளியில் மட்டும் இல்லை. மகனுக்கு மட்டுமே சொல்வது, அதுவும் கடைசிக் காலத்தில் சொல்வது என்று வைத்துக்கொண்ட குடும்பத்தில், மகன் வேறு வேலைக்குப் போனால் போதும். பல தலைமுறை அறிவு ஒரே நாளில் முடிந்துவிடும். புதைத்த பெட்டி என்றாவது அகப்படலாம். மறைந்த மனிதரின் நினைவு அகப்படாது.

2018 ஆகஸ்டில் பம்பை பெருக்கெடுத்தபோது, ஆரன்முளாவில் உலைக்கூடங்களுக்குள் வெள்ளம் புகுந்தது. அச்சுகளும் மண்ணும் கருவிகளும் பாழாயின. ஆனால் வித்தை ஒருவரிடம் மட்டும் இருக்கவில்லை. பல கைகளில் இருந்தது. ஆதலால் தொழில் மீண்டும் எழுந்தது. ஆரன்முளாக் கண்ணாடிக்குப் புவிசார் குறியீடும் 2004-05ஆம் ஆண்டிலேயே கிடைத்திருந்தது. அவ்வூரில் செய்யாததை அப்பெயரில் விற்கச் சட்டம் இடங்கொடாது. பத்தமடைப் பாய்க்கும் இத்தகைய குறியீடு உண்டு. வாயைக் கட்டுவதால் கிடைத்து வந்த பாதுகாப்பை இப்போது ஊரின் பெயரே ஓரளவு தருகிறது.

மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். தாமிரபரணிக் கரை ஊர்களில் கைமருந்து தெரிந்த முதியவர்களும், ஏட்டுச் சுவடி வைத்திருக்கும் வீடுகளும் இன்னும் உண்டு. உங்கள் வீட்டிலேயே இருக்கலாம். அவர்களிடம் கேளுங்கள். சொல்ல மறுத்தால் கோபித்துக்கொள்ள வேண்டாம். மறுப்பதற்கு அவர்களுக்குக் காரணம் உண்டு. சொல்ல இசைந்தால், சொன்னவர் பெயரையும் ஊரையும் நாளையும் சேர்த்து எழுதி, முதல் பிரதியை அவர்கள் கையிலேயே கொடுங்கள். வெளியே கொடுப்பதா, யாருக்குக் கொடுப்பது என்பதை அக்குடும்பமே முடிவு செய்யட்டும். ஊர்தோறும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுத வேண்டும் என்பதும் இப்போது சட்டத்தில் உள்ளது. உரியவர் இசைவோடு அதில் ஒரு பக்கம் ஏறினால், நாளை வேறொருவர் அதைத் தமது என்று சொல்லும்போது சாட்சிக்கு அந்தப் பக்கம் நிற்கும்.